கொல்லைமேட்டில் விழும் மழைக்கு யார் கணக்கு வைப்பது?

நிலப்பயன்பாட்டை மாற்றவும் மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரவும் அதிகாரம் உள்ள அதிகாரிகளுக்கு,

எங்கள் ஏரிக்கு மேற்கே இருக்கும் கொல்லைமேடு, 16 ஏக்கர், விவசாய நிலம் என்பதிலிருந்து குடியிருப்பு நிலம் என்று மாற்றப்பட்டுவிட்டது. மனைப்பிரிவு வரைபடத்தைப் பெரிதாக்கி அச்சடித்த பலகையும் நட்டாயிற்று. அந்த வரைபடத்தில் மனை எண், சாலை அகலம், பூங்காவுக்கு ஒதுக்கிய மூலை எல்லாம் தெளிவாக இருக்கின்றன. அந்த 16 ஏக்கரில் விழும் மழை எங்கே போகும் என்பதற்கு மட்டும் ஒரே ஒரு அம்புக்குறி. தெருவோர வடிகாலில் தொடங்கும் அந்த அம்பு எங்கள் ஏரிக்குள் போய் முடிகிறது.

அந்த அம்புக்குறியை எதிர்த்துத்தான் இந்த மடல்.

ஆட்சேபம் எழுதிக்கொண்டு தெருக்காரர்கள் சேர்ந்து வந்தபோது எங்களுக்குக் கிடைத்த பதில் இது: "ஏரியை யாரும் தொடலையே. சர்வே நம்பரைப் பாருங்க, நீர்நிலைக்கு வெளியேதானே இருக்கு?" பார்த்தோம். வருவாய்த்துறையின் நில விவரப் பதிவேடான அ-பதிவேட்டில் அது பட்டா புஞ்சைதான். ஏரியின் எல்லைக்கல் அதற்குக் கிழக்கே இருக்கிறது என்பதும் உண்மைதான். கரைக்குள் நிற்கும் தண்ணீர் மட்டும்தான் ஏரி என்றால் உங்கள் பதிலில் குறை இல்லை. ஆனால் ஏரி தன் மேல் விழும் மழையால் நிரம்புவதில்லை. மேட்டில் விழுந்து, மண்ணில் ஊறி, மிச்சம் வரத்துக்காலில் இறங்கி வந்துதான் நிரம்புகிறது. 2007ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் ஏரியின் எல்லைக்குள் நடக்கும் ஆக்கிரமிப்பைத்தான் பிடிக்கும். மேட்டு நிலத்தில் பட்டாதாரர் என்ன செய்கிறார் என்பதில் அது தலையிடாது. தலையிடக்கூடிய ஒரே இடம் உங்கள் மேசை. அங்கே வரும் கோப்பில் தண்ணீரைப் பற்றி ஒரு பக்கம்கூட இல்லை என்பதுதான் எங்கள் முறையீடு.

என் மாமனார் காலத்தில் கொல்லைமேட்டில் கேழ்வரகும் வேர்க்கடலையும் போட்டார்கள். பிறகு பயிர் நின்று, ஆடு மேய்கிற தரிசாகிவிட்டது. தரிசு என்றால் கோப்பில் பயனற்ற நிலம். எங்களுக்கு அது ஏரியின் ஒரு பாகம். பழைய வரப்புகள் இன்னும் கரையாமல் கிடக்கின்றன. முழங்கால் உயரம்கூட இல்லாத அந்த வரப்புகள்தான் மழையை அங்கங்கே நிறுத்தி மண்ணுக்குள் இறக்குகின்றன. ஆவணி, புரட்டாசியில் பெய்கிற மழையைக் கொல்லையே குடித்துவிடும். ஐப்பசியில் மண் ஊறிய பிறகுதான் வரத்துக்காலில் தண்ணீர் தலைகாட்டும். அதுவும் ஒரே மூச்சில் வராது. மழை விட்ட மறுநாளும் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். செம்மண் கலங்கலாக வந்தாலும் சில நாளில் தெளிந்துவிடும். நல்ல மழை வருடத்தில் ஏரி நிறைந்து, உபரி வழிந்து கோடி போகும். இதெல்லாம் பழம்பெருமை இல்லை. மேற்குப் பக்க வரத்துக்காலில் போன பருவமழை வரைக்கும் இப்படித்தான் நடந்தது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஆக, 16 ஏக்கரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் கிட்டத்தட்ட 65 லட்சம் லிட்டர். அதில் எவ்வளவு நிலத்தை விட்டு வெளியே ஓடும் என்பதற்கு வடிகால் பொறியியலில் வழிந்தோடல் கெழு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். உங்கள் பொறியாளர்கள் கல்லூரியிலேயே படித்ததுதான். திறந்த மண்ணுக்குச் சுமார் 0.1 முதல் 0.3 வரை, கூரைக்கும் தார்ச்சாலைக்கும் 0.7 முதல் 0.95 வரை எடுத்துக்கொள்வார்கள். கொல்லைக்கு 0.2 என்று வைத்தால் வெளியேறுவது 13 லட்சம் லிட்டர். வீடும் ரோடும் சிமென்ட் வாசலுமாக மாறிய பிறகு 0.8 என்று வைத்தால் 52 லட்சம். கார்த்திகையில் ஊறிப்போன மண் அவ்வளவு குடிக்காது என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். கொல்லைக்கு 0.4 என்றே வையுங்கள், அப்போதும் இரண்டு மடங்கு வருகிறது. கூடுதலாக வரும் அந்த 26 லட்சம் லிட்டரை 12,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் 200 லாரிக்கு மேல் ஆகும். சித்திரை, வைகாசியில் இதே ஊர்க்காரர்கள் காசு கொடுத்து வாங்குகிற தண்ணீரைத்தான் ஐப்பசியில் இப்படித் தெருவில் விரட்டுகிறோம்.

அளவு பாதிக் கதைதான், மீதி வேகம். வரப்பும் புல்லும் பள்ளமும் ஒரு நாள் முழுக்கப் பிடித்து வைத்து அனுப்பிய தண்ணீரைக் கூரைக் குழாயும் கான்கிரீட் வடிகாலும் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து கொட்டும். மொத்த மழை கூடாவிட்டாலும் உச்சம் பல மடங்கு உயரும். வெள்ளம் வருவது அந்த உச்சத்தில்தான்.

இது என் ஊகம் என்று தள்ளிவிட முடியாதபடி, ஏரிக்கு வடக்கே ஒரு மனைப்பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. இதே போன்ற வரைபடம், இதே அம்புக்குறி. வீடு கட்ட வந்தவர்கள் ஒவ்வொருவரும் கிராவலும் இடிபாடும் கொட்டி மனையை உயர்த்தினார்கள். யாரும் தன் வீட்டில் தண்ணீர் புகுவதை விரும்ப மாட்டார்களே, அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அப்புறம் ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு ரோடும் உயர்ந்தது. பக்கவாட்டில் காலியாக விடச் சொன்ன இடத்தில்கூட அடியில் கான்கிரீட், மேலே பேவர் பிளாக். செடி வைக்கிற அளவுக்கு மண் உள்ள வாசல் அந்தத் தெருக்களில் அபூர்வம். 2003இல் இந்த மாநிலம் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அதில் பெருமைப்பட இடமிருக்கிறது. ஆனால் இந்தத் தெருக்களில் பல வீடுகளில் கூரைக் குழாய் சேகரிப்புத் தொட்டியின் பக்கத்தில் வந்து, தொட்டிக்குள் இறங்காமல், நேராகத் தெருவுக்குப் போகிறது. வீட்டு வரி போடும்போதோ மின் இணைப்புத் தரும்போதோ மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பழைய தாழ்வான தெருக்கள் எங்களுடையவை. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்போது எங்கள் வீடுகளில் தண்ணீர் வந்தது. அதற்கு நாங்கள் யாரையும் குறை சொல்லவில்லை. அந்த மழையைத் தாங்கும் வடிகாலை யாராலும் கட்ட முடியாது. நாங்கள் முறையிடுவது 8, 10 சென்டிமீட்டர் மழையைப் பற்றி. எல்லா வருடமும் வருகிற, வரவேண்டிய, இந்த ஊர் நம்பியிருக்கிற மழை அது. வடக்கு மனைப்பிரிவு நிறைந்த பிறகு அந்தச் சாதாரண மழைக்கே எங்கள் தெருவில் அரிசி மூட்டையையும் ஃபிரிட்ஜையும் கட்டில்மேல் ஏற்றுகிறோம்.

சரி, வெள்ளம் இரண்டு நாளில் வடிந்துவிடும். ஏரிக்குள் வந்து சேர்வது வடியாது. அதைப் பற்றி உங்கள் வரைபடங்கள் யோசிப்பதே இல்லை.

புரட்டாசியில் முதல் கனமழை பெய்யும்போது வடக்கு வடிகால் ஏரிக்குள் திறக்கும் வாயருகே ஒருவர் வந்து நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் வருவது குப்பை: பால் கவர், குட்கா பாக்கெட், தெர்மாகோல். அதன் பின்னால் வருகிற தண்ணீர் கறுப்பு. மேலே எண்ணெய்ப் படலம் வளையம் வளையமாக நிறம் மாறும். கோடை முழுக்க ரோட்டில் சேர்ந்த டயர்த் தூள், பிரேக் தூள், வண்டியிலிருந்து சொட்டிய ஆயில், நாய்க் கழிவு, மெக்கானிக் கடை வாசலைக் கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் முதல் மழை துடைத்து எடுத்துக்கொண்டு வருகிறது. டயரில் துத்தநாகம், பிரேக்கில் செம்பு, இரண்டும் மீனுக்கு ஆகாது. கட்டடம் கட்டும் இடங்களிலிருந்து எம்-சாண்டும் மண்ணும் கரைந்து வந்து வாயருகே மேடு தட்டியிருக்கிறது. முன்பு ஆள் முழுகும் ஆழம் இருந்த இடத்தில் இன்று மாடு நின்று மேய்கிறது. கொல்லையில் விழுந்த மழையும் இதே மழைதான். மண் வடிகட்டி அனுப்பியதை சிமென்ட் கழுவி அனுப்புகிறது.

அப்படிப்பட்ட முதல் மழைக்கு மறுநாள் காலையில் கரையோரம் ஜிலேபி மீன் செத்து மிதக்கும். வெள்ளை வயிறு மேலே தெரிய, காற்று ஒதுக்கிய பக்கமெல்லாம் ஒரு முழ அகலத்துக்குக் கிடக்கும். யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு கிளம்பும். யாரும் வைக்கவில்லை. வந்து சேர்ந்த அழுக்கைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் கரைந்த உயிர்வளியை (ஆக்சிஜனை) இழுத்துக்கொள்கின்றன, மீன் மூச்சுத் திணறிச் சாகிறது. ஏரியைக் குத்தகை எடுத்தவருக்குப் பண நட்டம். அந்த மீனைக் கூடையில் வைத்து விற்கும் பெண்களுக்குப் பல நாள் பிழைப்பு போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மே மாதம், மூன்று மாதம் சொட்டு மழை இல்லாத வெயிலிலும் அந்த மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. மழையில்லாத காலத்தில் மழைநீர் வடிகாலில் ஓடுவது மழைநீராக இருக்க முடியாது. பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் கழிவுநீர்த் தொட்டி நிரம்பிய வீடுகள் ராத்திரியில் குழாயைத் திருப்பிவிடுகின்றன. சாக்கடை இணைப்பு வருவதற்கு முன்பே குடியேற அனுமதித்தால் அவர்கள் வேறென்ன செய்வார்கள்? அதில் வரும் பாஸ்பேட்டும் நைட்ரஜனும் ஆகாயத்தாமரைக்கு எருவாகின்றன. ஒவ்வொரு வருடமும் பொக்லைன் வைத்து ஆகாயத்தாமரையை அள்ளுகிறீர்கள், மறு வருடம் அதே அளவு வளர்கிறது. உள்ளே வருவதை நிறுத்தாமல் மேலே மிதப்பதை அள்ளுவதற்குத்தான் மக்கள் பணம் போகிறது. கரையை ஒட்டிய கிணறுகளிலும் போர்களிலும் தண்ணீர் மஞ்சளாகி நாற்றம் அடிக்கிறது. ஏரித் தண்ணீர் ஊறித்தானே அந்தக் கிணறுகளுக்கு வருகிறது.

இது எங்கள் ஏரியோடு நிற்கிற விஷயமும் இல்லை. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இந்தப் பக்கத்து ஏரிகளும் எங்கள் ஏரியும் ஒன்றன் உபரியை ஒன்று வாங்கி, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ப்பவை. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், அப்புறம் கடல். 2022இல் 1,247 எக்டேர் பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் உள்ள ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் சதுப்பின் எல்லைக்குள் என்ன கட்டலாம், கட்டக்கூடாது என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. சதுப்புக்கு வந்து சேரும் தண்ணீரின் அளவும் அழுக்கும் பல கிலோமீட்டர் மேலே, எங்கள் கொல்லைமேடு போன்ற நிலங்களில், உங்கள் கையெழுத்தில் தீர்மானமாகின்றன. ஒவ்வொரு மனைப்பிரிவையும் தனித்தனியாகப் பார்த்தால் 16 ஏக்கர் பெரிய விஷயமில்லை என்றுதான் தோன்றும். அப்படித் தோன்றித் தோன்றித்தான் இந்த ஏரிகளுக்கு மேற்கில் இருந்த கொல்லைகள் எல்லாம் போயின. எத்தனை 16 ஏக்கர்களின் தண்ணீர் ஒரே கலங்கல் (ஏரியின் உபரி வழியும் இடம்) வழியாக இறங்க வேண்டியிருக்கிறது என்று கூட்டிப் பார்த்த கோப்பு ஒன்று இருந்தால் எங்களுக்குக் காட்டுங்கள்.

"வடிகாலை அகலமாகக் கட்டித் தருகிறோம்" என்றும் சொன்னீர்கள். வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் எங்களுக்கு வந்திருக்கிற கஷ்டமே. அகல வடிகால் மேல் மனைக்காரரைக் காப்பாற்றும், கீழே இருப்பவரை முழுக வைக்கும். மண்ணில் இறங்க வேண்டிய தண்ணீரையும் அதே குழாயில் ஏரிக்கு அனுப்பி, அழுக்கையும் சேர்த்து அனுப்பும். அமெரிக்காவில் 1987லேயே அவர்களுடைய தூய நீர்ச் சட்டத்தைத் திருத்தி, நகர மழைநீர் வடிகாலையும் அனுமதி பெற்றுத்தான் ஆற்றிலோ ஏரியிலோ விட வேண்டும் என்று ஆக்கினார்கள். நம் மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகமும் 2019இல் மழைநீர் வடிகாலுக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது. இங்கே அறிவுக்குப் பஞ்சமில்லை. ஒப்புதல் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

வீடு கட்ட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் தெருவும் ஒரு காலத்தில் புஞ்சைதான். இந்த ஊருக்கு வேலைக்கு வருகிறவர்கள் எங்கேயாவது குடியிருந்தாக வேண்டும். கேட்பது இவ்வளவுதான்.

கொல்லைமேட்டு மனைப்பிரிவுக்கான இறுதி ஒப்புதலை, அந்த நிலத்திலிருந்து இன்று வெளியேறும் மழைநீர் எவ்வளவு, கட்டி முடித்த பிறகு எவ்வளவு என்ற கணக்கு வரும்வரை நிறுத்தி வையுங்கள். அந்தக் கணக்கைத் தமிழில், எங்கள் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டுங்கள். கட்டிய பிறகு வெளியேறும் தண்ணீரின் அளவும் வேகமும் இன்று இருப்பதைவிடக் கூடக்கூடாது என்பதை ஒப்புதலின் நிபந்தனையாகவே எழுதுங்கள். இனி இந்த ஏரிச் சங்கிலியின் நீர்ப்பிடிப்பில் வரும் எல்லா மனைப்பிரிவுக்கும் இதே நிபந்தனை வேண்டும்.

பொது ஒதுக்கீட்டுக்கென்று விட வேண்டிய பத்து சதவீத இடத்தை விற்க முடியாத ஏதோ ஒரு மூலையில் காட்டுவது வழக்கமாகிவிட்டது. கொல்லைமேட்டில் அந்த இடம் மேட்டில், நுழைவாயில் பக்கத்தில் இருக்கிறது. அதைக் கிழக்கே, நிலம் தாழ்ந்து வரத்துக்கால் தொடங்கும் இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். அங்கே பேவர் பிளாக் போட்ட பூங்கா வேண்டாம், மண் கரையோடு ஒரு குட்டை வேண்டும். மனைப்பிரிவின் தண்ணீர் முழுவதும் அதில் நின்று, மண்ணும் குப்பையும் அடியில் தங்கி, தெளிந்தது மட்டும் ஏரிக்கு வரட்டும். மழையில்லாத மாதங்களில் பிள்ளைகள் அதில் விளையாடிக்கொள்வார்கள்.

புல வரைபடத்திலும் அ-பதிவேட்டிலும் இருக்கிற வரத்துக்கால்களை நில அளவையரை வைத்து அளந்து கல் நடுங்கள். அது முடியாமல் அதன்மேல் சாலையோ பாலமோ போட அனுமதி தராதீர்கள்.

வீடு கட்டும் ஒவ்வொரு மனையிலும் மண்ணும் எம்-சாண்டும் வடிகாலில் கரைந்து போகாமல் தடுப்பும் வண்டல் குழியும் இருக்க வேண்டும். கூரைக் குழாய் உண்மையிலேயே சேகரிப்புத் தொட்டிக்குள் இறங்குகிறதா என்று நேரில் பார்த்த பிறகுதான் பணி நிறைவுச் சான்று தர வேண்டும். சாக்கடை இணைப்பு வரும் முன் குடியேற அனுமதிக்கக் கூடாது. அனுமதித்தே தீர வேண்டும் என்றால், கழிவுநீர் லாரிக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பை மனை போட்டவர்மேல் எழுத்தில் வையுங்கள்.

வடக்கு வடிகாலில் வருகிற மே மாதத்தில் தண்ணீர் ஓடினால், வாயிலிருந்து மேல்நோக்கி மூடிமூடியாகத் திறந்து பார்த்து, கழிவுநீர் எங்கே சேர்கிறது என்று கண்டுபிடித்து அடையுங்கள். அப்புறம் அந்த வடிகால் வாயருகே குப்பைக்கு ஒரு கம்பித் தடுப்பும், மேடு தட்டிய மண்ணை அள்ளிவிட்டு ஒரு வண்டல் தொட்டியும் வேண்டும். முதல் மழையன்றும் கார்த்திகையிலும் ஏரிக்குள் வரும் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, கரைந்த உயிர்வளி, பாஸ்பேட், உலோகம் எவ்வளவு என்ற முடிவைக் கரையில் எல்லோரும் படிக்கும்படி எழுதி வையுங்கள்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதை எந்தத் தேதிக்குள் செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் என்று ஆடி முடிவதற்குள் எழுத்தில் பதில் தாருங்கள். அதற்கு முன் உங்கள் பொறியாளர் ஒருவரையாவது கொல்லைமேட்டுக்கு அனுப்புங்கள். வரப்பும் வரத்துக்காலும் எங்கே இருக்கின்றன என்று கூடவே நடந்து காட்ட எங்கள் தெருவில் ஆட்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஏரிக்கரைத் தெருவாசி ஒருவர்